பத்து இராகங்களும் ஒரு பம்பாய் வாத்தியக்காரரும்

பிழைப்பின் நிமித்தம் வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் மாலை வேளையில் அடிக்கடி எழுகின்ற வழக்கு ஒன்று உண்டு. ஓர் அறையில் மகள் சரளி வரிசை சாதகம் செய்துகொண்டிருப்பாள். அடுத்த அறையில் அவள் தமையன் கணிப்பொறியின் முன் அமர்ந்து, காதுகளை மூடிக்கொண்டு, ஒரே தாளத்தை நூறு முறை திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு எதையோ திருத்திக்கொண்டிருப்பான். “இதுவும் ஒரு சங்கீதமா? பொறி வாசிக்கிறது, நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய்!” என்பார் தந்தை. “இதற்கும் உழைப்பு வேண்டும் அப்பா” என்பான் மகன். தீர்ப்பு ஏதும் பிறவாமலே வழக்கு இரவு உணவோடு கலைந்துவிடும்.

இவ்வழக்கில் சாட்சியாக அழைக்கத்தக்க ஒருவர் மும்பையிலேயே வாழ்ந்து, 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தமது 74ஆம் வயதில் மறைந்தார். சரண்ஜித் சிங் என்பது அவர் பெயர். பெயரைக் கேட்டதும் “யார் அவர்?” என்று நேயர்கள் வினவினால் அதில் வியப்பில்லை. அவர் வாழ்ந்த நகரமே நெடுங்காலம் அவ்வாறுதான் வினவிக்கொண்டிருந்தது.

பெயர் அச்சாகாத கலைஞர்

பம்பாய்த் திரையுலகின் பெரிய வாத்தியக் குழுக்கள் சிறந்து விளங்கிய காலம் அது. கோவாவிலிருந்து வந்தோரும் பஞ்சாபியரும் வங்காளியரும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் தோளோடு தோள் அமர்ந்து வாசித்தனர். பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கூடி எழுப்பிய மாளிகை இந்தித் திரையிசை என்றால் மிகையாகாது. நம்மைப் போன்றோருக்கு இது தனியே எடுத்துரைக்க வேண்டிய செய்தியன்று.

அக்குழுக்களில் பேஸ் கிதாரும், மின்னியல் அக்கார்டியன் வகையைச் சேர்ந்த டிரான்ஸிகார்டும் வாசித்தவர் சரண்ஜித் சிங். எஸ். டி. பர்மன், ஆர். டி. பர்மன், சங்கர்-ஜெய்கிஷன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடம் அவர் பணியாற்றினார். திரைப் பாடல்களை வாத்தியத்தில் மட்டும் வாசித்துத் தனி இசைத்தட்டுகளும் வெளியிட்டார். திருமண விழாக்களில் தம் குழுவோடு வாசித்தார். உழைப்புக்குக் குறைவில்லை, ஊதியமும் வந்தது. ஆயினும் பாடல் ஊரெங்கும் ஒலிக்கும்போது மக்கள் நினைப்பது பாடகரையும் நடிகரையும்தான், மிஞ்சினால் இசையமைப்பாளரை. பின்னணியில் வாசித்தவர் பெயர் தட்டின் உறையில் அச்சாவது அந்நாளில் அரிதாகவே இருந்தது.

பிறர் எண்ணத்திற்கு விரல் கொடுத்து ஆண்டுகள் பலவற்றைக் கழித்த ஒருவருக்கு, ‘நம் எண்ணத்தில் ஒன்று செய்து பார்க்கலாமே’ என்று தோன்றுவது இயல்பே. சரண்ஜித் சிங்குக்கு அது நாற்பதை ஒட்டிய வயதில் தோன்றியது.

சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டிகள்

ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்டு அப்போது புதிதாக வெளியிட்டிருந்த மூன்று கருவிகளை அவர் சிங்கப்பூரில் வாங்கினார். முதலாவது, ஜூப்பிட்டர்-8 என்னும் சிந்தசைசர். ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்க வல்லது. இரண்டாவது, டி.ஆர்.-808 என்னும் தாளப் பொறி. மூன்றாவது, டி.பி.-303 என்னும் சிறிய வெள்ளிநிறப் பெட்டி.

இந்த மூன்றாவது பெட்டியின் வரலாறு விந்தையானது. தனியாகக் கிதார் வாசிப்போர்க்கு, பேஸ் கிதார்க்காரர் இல்லாத குறையைப் போக்கவே அது படைக்கப்பட்டது. பதினாறு படிகளில் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்தால், அது தானே திரும்பத் திரும்ப வாசிக்கும். எந்தச் சுரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், எந்தச் சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதையும் குறித்து வைக்கலாம். ஆனால் அதன் ஒலி பேஸ் கிதாரின் ஒலியைப் போல இல்லை. சுரங்களைப் பதிவதோ பெரும் தொல்லை. கிதார்க்காரர்கள் அதனை ஏற்கவில்லை. 1984ஆம் ஆண்டிலேயே ரோலண்டு அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

பிறருக்குப் பயன்படாத அந்த ‘வழுக்கல்’ ஒரு பாரதநாட்டு வாத்தியக்காரரின் கையில் பொருள் பெற்றது. சுரத்துக்குச் சுரம் தாவுவது மேனாட்டு முறை. இழைந்து செல்வது நம் முறை. வடக்கே மீண்டு என்றும் தெற்கே ஜாரு என்றும் வழங்கும் அசைவு அதுதானே?

டிஸ்கோ மோகம் நாட்டை ஆட்கொண்டிருந்த நேரம் அது. 1980இல் வெளிவந்த ‘குர்பானி’ படத்தில் நாஜியா ஹஸன் பாடிய பாடல் மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. 1982இல் ‘டிஸ்கோ டான்ஸர்’ வந்தது. திரைப்படங்கள் எங்கும் டிஸ்கோ நிறைந்திருக்கக் கண்ட சரண்ஜித் சிங், அந்தத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தபேலாவை விலக்கிவிட்டு, அதன்மேல் இராகங்களை வாசித்தால் என்ன என்று எண்ணினார். தாளப் பொறியும் சிறிய பெட்டியும் ஒன்றையொன்று தழுவி ஓட, ஜூப்பிட்டரில் தம் கையாலேயே இராகத்தை வாசித்தார். இரண்டே நாளில் பதிவு முடிந்ததென்பர். ‘டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு எச்.எம்.வி. நிறுவனம் அதனை இசைத்தட்டாக வெளியிட்டது.

பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி ஆகியவை அப்பத்தும். பெயர்கள் வேறாயினும் நம் காதுக்கு இவை அந்நியமல்ல. பூபாலியே நம் மோகனம், மால்கௌன்ஸே ஹிந்தோளம். யமன் கல்யாணிக்கும், கலாவதி வலஜிக்கும், பைராகி ரேவதிக்கும் உறவு. பைரவின் சுரங்கள் மாயாமாளவகௌளையின் சுரங்கள். அதாவது அடுத்த அறையில் மகள் பாடும் அதே சரளி வரிசையின் சுரங்கள்! தோடியை மட்டும் பெயர் கண்டு நம் தோடி என்று மயங்கலாகாது. அதன் சுரங்கள் நம் சுபபந்துவராளியோடு ஒத்தவை.

தட்டு விலைபோகவில்லை

இத்துணை முயற்சியும் கடையில் தோற்றது. தட்டை வாங்குவார் இல்லை. காரணம் தேடுவது அரிதன்று. சாஸ்திரீய சங்கீதத்தில் பயின்றவர்க்கு, ஆலாபனையின் பொறுமையின்றி, சுமார் ஐந்து நிமிடத்தில் ஓர் இராகம் இயந்திரத் தாளத்தில் ஓடுவது உவக்கவில்லை. டிஸ்கோவை விரும்பியவர்க்குப் பாட்டு வேண்டும், படம் வேண்டும், ஆடும் நாயகன் வேண்டும். இரு சாராருக்கும் இடையில் நின்றவரை இரு சாராரும் கைவிட்டனர். திரைப்படத்தின் துணையின்றி ஒரு புதிய இசை கால் ஊன்றும் களம் அந்நாளில் இங்கே மிகக் குறைவு.

சரண்ஜித் சிங் அதற்காக இடிந்துபோய் அமர்ந்துவிடவில்லை. பழைய தொழில் இருந்தது. வாசிக்க மேடைகள் இருந்தன. தம் வழியே சென்றார். தட்டை உலகம் மறந்தது.

சிகாகோவில் நிகழ்ந்தது

சில ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்காவின் சிகாகோ நகரில், மலிவு விலைக்குப் பழைய டி.பி.-303 ஒன்று சில கறுப்பின இளைஞர்களின் கைக்கு வந்தது. பியூச்சர் என்பது அவர்கள் குழுவின் பெயர். பெட்டி வாசிக்க வாசிக்க அவர்கள் அதன் குமிழ்களைத் திருகினர். ஒலி நெளிந்தது, குழைந்தது, கீச்சிட்டது. 1987இல் அவர்கள் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் தட்டிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்றொரு நடன இசையே கிளைத்தது. அந்நகரின் மியூசிக் பாக்ஸ் என்னும் நடனக்கூடத்தில் ரான் ஹார்டி என்பவர் அதனை முதன்முதல் ஒலிக்கவிட்டபோது கூட்டம் விலகிச் சென்றதாம். அவரோ அதே இரவில் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டார். நான்காம் முறை கூட்டம் மெய்மறந்து ஆடியது என்று கூறுவர். பம்பாயில் சரண்ஜித் சிங்குக்கு வாய்க்காத அந்த ‘இரண்டாம் முறை’ அங்கே வாய்த்தது. ஒரு கலைக்குத் திறமை மட்டும் போதாது; மறுபடியும் கேட்கும் பொறுமையுடைய செவிகளும் வேண்டும்.

பெருமையும் உண்மையும்

2002ஆம் ஆண்டில் எடோ பவுமன் என்னும் டச்சுக்காரர், இந்தியப் பழந்தட்டுகளைத் தேடித் திரிந்தவர், டெல்லிக் கடை ஒன்றில் இந்தத் தட்டைக் கண்டெடுத்தார். கேட்டவர் திகைத்தார். சரண்ஜித் சிங்கை மும்பையில் நேரில் தேடிச் சென்று கண்டார். 2010இல் ‘பாம்பே கனெக்ஷன்’ என்னும் தம் வெளியீட்டின் வழியே அதை மறுபதிப்புச் செய்தார். ஐரோப்பிய இசை உலகம் வியந்தது. ‘இது 1982இன் இசையாக இருக்க முடியாது, யாரோ இக்காலத்தவர் செய்த வேடிக்கை’ என்று ஐயுற்றவர்களும் உண்டு. எழுபதை எட்டிய முதியவர் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசிக்க, பேரன் வயதுடையோர் ஆடினர்.

உடனே ஒரு முழக்கம் எழுந்தது: “ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியரே!” நம்மவர் பலர் இதனை மகிழ்ந்து பரப்பினர். இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். சிகாகோ இளைஞர்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டு அவ்விசையைச் செய்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. சரண்ஜித் சிங்கும் அப்படியொரு இசைவகையைத் தோற்றுவிக்க எண்ணி வாசிக்கவில்லை. 1982இல் அப்பெயரே பிறக்கவில்லை. ஒரே கருவி இரு கண்டங்களில் இரு வேறு தேவைகளோடு வந்தவர்களிடம் தன் மறைந்த குணத்தைக் காட்டியது. அவ்வளவே உண்மை.

அவ்வளவும் பெருமைக்குப் போதாதா? ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, ‘எல்லாவற்றையும் நாமே முதலில் செய்தோம்’ என்று பேசிக்கொள்வதில் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் அந்த ஆறுதலுக்காகப் பிறர் உழைப்பைப் பறித்து நம் கணக்கில் எழுதிக்கொள்வது அழகன்று. சிகாகோவின் ஏழை இளைஞர்களுக்கு உரியது அவர்களுக்கு. பம்பாய் வாத்தியக்காரருக்கு உரியது அவருக்கு. ஆண்டாண்டுகளாகப் பிறருக்காக வாசித்த கை, ஒருமுறை தனக்காக வாசித்தது, கடையில் தோற்றது, 28 ஆண்டுகளுக்குப் பின்னும் அது புதிதாகவே இருந்தது. இதனினும் பெரிய பட்டம் அவருக்கு எதற்கு?

இனி நம் வீட்டு வழக்குக்கு வருவோம். பொறி வாசித்தது உண்மை. ஆனால் எதை வாசிக்க வேண்டும் என்று பொறிக்குச் சொல்லிக் கொடுத்த காதும் விரலும், திரையிசைக் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் பழகியவை. அந்தப் பழக்கம் பொறியோடு சேர்த்து விலைக்குக் கிடைப்பதன்று. ஆகவே தந்தை சொல்வதிலும் நியாயம் உண்டு, மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. இந்த ஞாயிறு மாலை அத்தட்டிலுள்ள பூபாலியை இருவரும் சேர்ந்து அமர்ந்து கேட்கட்டும். மோகனம் என்று முதலில் கண்டுகொள்பவள் அடுத்த அறையில் சாதகம் செய்யும் மகளாகவும் இருக்கலாம். முதல் முறை பிடிக்காவிட்டால் பாதகமில்லை. இரண்டாம் முறையும் ஒலிக்கவிடுங்கள்.