வாசிப்பதைப் பகிர்ந்துகொள்வோம்

நீங்கள் இப்போது எந்த நூலை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இக்கேள்வி நமது வீடுகளிலும் பாடசாலைகளிலும் அரிதாகவே எழுகின்றது. பரீட்சையில் பெற்ற புள்ளிகளைக் கேட்கிறோம். பிள்ளை செல்லும் தனியார் வகுப்பைப் பற்றி விசாரிக்கிறோம். அவன் அல்லது அவள் விரும்பி வாசிக்கும் நூலைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால், விஞ்ஞானப் புனைகதைகளிலும் மாயக்கதைகளிலும் ஈடுபாடு கொண்டோர் உலகின் எப்பகுதியில் சந்தித்துக்கொண்டாலும் அவர்களது உரையாடல் பெரும்பாலும் இக்கேள்வியுடனேயே ஆரம்பிக்கின்றது. இவ்வழக்கத்தின் பின்னணியையும், புத்தளம் கரையோர இளைஞர்களுக்கு அது ஏன் தேவைப்படுகின்றது என்பதையும் இங்கு நோக்குவோம்.

குடும்பக் கதையொன்றில் வரும் வீடும் வீதியும் வாசகருக்கு முன்பே பழக்கமானவை. விஞ்ஞானப் புனைகதையிலோ வேற்றுக் கிரகமொன்றின் வாழ்க்கை முறையையும், இன்னமும் உருவாக்கப்படாத இயந்திரங்களின் இயக்கத்தையும் அவர் புதிதாக விளங்கிக்கொள்ள வேண்டியுள்ளது. மாயக்கதை நாவல்கள் பல பாகங்களாக நீள்வதும் உண்டு. ஆகவே, ஐயம் எழும்போது கேட்பதற்கும், வியப்பு மேலிடும்போது சொல்வதற்கும் ஒரு துணை அவசியமாகின்றது. வாசித்து முடித்த நூலைப் புகழ்வதைவிட, வாசித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பேசுவது கேட்பவரின் ஆவலை அதிகம் தூண்டும். சொல்பவருக்கே முடிவு தெரியாதல்லவா?

வியப்பூட்டும் கதைகளைப் பகிர்ந்து மகிழ்வது நமது கரைக்குப் புதியதன்று. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இலங்கையில் வந்திறங்கிய பட்டினம் புத்தளமே என அறிஞர்கள் கருதுகின்றனர். அங்கு அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியை அறிந்திருந்தார் என்றும், தூர தேசத்து மன்னர்களைப் பற்றித் தாம் கூறியவற்றை விருப்பத்துடன் செவிமடுத்தார் என்றும் இப்னு பதூதா பதிவு செய்துள்ளார். ஆயிரத்தொரு இரவுகளில் இடம்பெறும் சிந்துபாத்தும் தனது ஆறாவது பயணத்தில் சரந்தீபை வந்தடைகின்றான். தமிழ் முஸ்லிம்களிடையே கிஸ்ஸாக்களும் படைப்போர்களும், தமிழ்க் கிராமங்களில் விக்கிரமாதித்தன் கதையும் ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட இலக்கியங்களாகும். எழுத்தறிந்தோரும் நூற்பிரதிகளும் அருகியிருந்த காலத்தில் பகிர்வே நூலகமாக விளங்கியது எனலாம்.

அச்சு நூல்கள் பெருகிய பின்னரும் இம்மரபு அற்றுப்போகவில்லை. 1972இல் சிவகாசியில் ஆரம்பிக்கப்பட்ட முத்து காமிக்ஸ் வெளியிட்ட இரும்புக்கை மாயாவியின் சாகசங்களும், 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் இலங்கையிலும் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டன. ஒரு பிரதி ஒரு தெருவுக்கே போதுமானதாயிருந்தது. அடுத்து யாருடைய முறை என்ற போட்டியே பலரை வாசகராக்கியது.

மேற்குலகிலும் நிலைமை இதனை ஒத்ததே. அமெரிக்காவில் 1926இல் ஹியூகோ கேர்ன்ஸ்பேக் ஆரம்பித்த 'அமேசிங் ஸ்ரோரிஸ்' சஞ்சிகை வாசகர் கடிதங்களை முகவரியுடன் பிரசுரித்தது. அதனைக் கண்ட வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதத் தொடங்கினர். அக்கடிதங்களிலிருந்து வாசகர் கழகங்கள் தோன்றின. இங்கிலாந்தில் மைன்ஹெட் என்ற சிறிய கடற்கரைப் பட்டினத்துச் சிறுவன் ஒருவனும் அமெரிக்கச் சஞ்சிகைகளைத் தேடித் தேடி வாசித்தான். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்த அவனுக்கு ஒலாஃப் ஸ்டேப்பிள்டனின் நாவலொன்று அப்பட்டினத்துப் பொது நூலகத்திலேயே கிடைத்தது. தனது வாழ்வை மாற்றிய நூல் அதுவென அவன் பிற்காலத்தில் குறிப்பிட்டான். 1937 ஜனவரியில் லீட்ஸ் நகரில் இத்தகைய வாசகர்கள் மாநாடொன்றைக் கூட்டினர். கலந்துகொண்டோர் ஒரு வகுப்பறைக்குள் அடங்கிவிடக்கூடிய சிலரே. அவர்களுள் அந்த மைன்ஹெட் இளைஞனும் இருந்தான். அவரே ஆர்தர் சி. கிளார்க்.

1945இல் செய்மதி மூலமான உலகளாவிய தொடர்பாடல் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய கிளார்க், 1956இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் மாதத்தில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். பூமியையும் விண்வெளியையும் இணைக்கும் உயர்த்தியைப் பற்றிய அவரது 1979ஆம் ஆண்டு நாவல், இலங்கையை ஒத்த 'தப்ரபேன்' தீவைக் களமாகக் கொண்டது. எஸ். எம். பந்துசீல அவரது நாவல்கள் பலவற்றைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். தமிழ் வாசகருக்கு அந்தளவு வாய்ப்புக் கிட்டவில்லை. இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் முதல் நாவல் 2024இல் அமெரிக்காவின் நெபியுலா விருதைப் பெற்றது. அதுவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதே. ஆங்கில நூல்களின் விலையோ சாதாரண குடும்பமொன்றுக்கு எட்டாதது. ஆகவே, நூலொன்றை வைத்திருப்பவரும், ஆங்கிலம் அறிந்து அதனைத் தமிழில் எடுத்துச் சொல்லக்கூடியவரும் ஏனையோருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டியவர்களாகின்றனர்.

புத்தளம் மாவட்டத்தில் இத்தேவை மேலும் அதிகமாகும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வட மாகாண முஸ்லிம்களில் பெரும்பாலானோர் இக்கரையோரத்திலேயே தஞ்சமடைந்தனர். சிறிதளவு பணத்துடனும் சில உடைகளுடனும் புறப்பட்டவர்களால் புத்தகங்களைச் சுமந்துவர இயலுமா? அகதி முகாம்களில் வளர்ந்த தலைமுறையினர் பலர் இன்று பெற்றோராகிவிட்டனர். தமக்குக் கிட்டாத வாசிப்பைத் தம் பிள்ளைகளுக்கேனும் வழங்கும் பொறுப்பு அவர்களுக்கும் நமக்கும் உண்டு.

எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கு இப்பிள்ளைகளுக்கு உள்ள காரணங்களும் குறைவானவையல்ல. நுரைச்சோலை அனல் மின்நிலையம் 2011 முதல் மின்சாரம் வழங்கி வருகின்றது. அதே கரையோரத்தில் மாம்புரியில் காற்றாலைகள் எழுந்துள்ளன. வங்காள முஸ்லிம் பெண்மணியான றொக்கையா சகாவத் ஹுசைன் 1905இல் சென்னைச் சஞ்சிகையொன்றில் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதினார். பெண்கள் ஆளும் அக்கற்பனை நாட்டில் சூரிய வெப்பத்தால் சமையல் நடக்கின்றது. வாகனங்கள் வானில் செல்கின்றன. நிலக்கரிக்கும் காற்றாலைக்கும் இடையில் வாழும் கற்பிட்டி மாணவி ஒருத்தி அக்கதையை வாசித்துத் தன் தோழிக்குச் சொன்னால், அவர்களிடையே எத்தகைய கேள்விகள் எழும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இவை பொய்க்கதைகள், மார்க்கத்துக்கும் பரீட்சைக்கும் உதவாதவை எனப் பெற்றோர் சிலர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சத்தை அலட்சியப்படுத்தலாகாது. ஆயினும், 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல், தனித்தீவில் மானினால் வளர்க்கப்பட்ட குழந்தை தனது அறிவினாலேயே இறைவனை உணரும் கற்பனைக் கதையைப் படைத்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. கற்பனை வேறு, பொய் வேறு. பிள்ளை வாசிப்பதை மறைக்காமல் பலர் முன்னிலையில் சொல்லும் வழக்கம் உருவானால், அது எதை வாசிக்கின்றது என்பதைப் பெற்றோரும் அறிந்துகொள்வர்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாடசாலை நூலகத்திலோ, பள்ளிவாசல், கோவில், தேவாலயம் சார்ந்த மண்டபமொன்றிலோ வாரத்தில் ஒரு மணிநேரம் போதும். ஒவ்வொருவரும் தாம் வாசிக்கும் நூலின் பெயரையும், எந்தப் பக்கம் வரை வந்துள்ளார் என்பதையும், அதில் தம்மைக் கவர்ந்ததையும் கூற வேண்டும். முடிவை வெளியிடலாகாது. பிடிக்கவில்லை என்று சொல்லவும் உரிமை இருக்க வேண்டும். நூல்களின் பின்னட்டையில் சிறு தாளொன்றை ஒட்டி, வாசித்தவர் பெயரை வரிசையாக எழுதலாம். இணைய வசதியுள்ளோர், ஈழத்துத் தமிழ் நூல்களை இலவசமாக வழங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தையும் பயன்படுத்தலாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதத்தைத் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடுகிறோம். கட்டுரைப் போட்டிகளும் பரிசளிப்பும் நடைபெறுகின்றன. அவற்றுடன் இத்தகைய வாசகர் வட்டமொன்றையும் ஒவ்வொரு பாடசாலையிலும் ஆரம்பித்து, அடுத்துவரும் மாதங்களிலும் தொடர்வதற்கு அதிபர்களும் நூலகர்களும் முன்வருதல் வேண்டும்.