வண்டிக்குள் வீடு... மூன்றாம் நாள்தான் ருசித்தது!

"டாக்டர், நியூசிலாந்துல இருக்கிற பையன் கூப்பிடறான். ஏதோ வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைச்சு, பத்து நாள் ஊர் சுத்தலாமாம். என் உடம்புக்கு ஒத்துக்குமா?"

போன மாதம் என் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. வயது அறுபத்திரண்டு. பத்து வருடமாகச் சர்க்கரை. கொஞ்சம் மூட்டு வலி. நாடி பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன். பயணமே கூடாது என்று சொல்லும்படி எதுவும் இல்லை. "தாராளமா போயிட்டு வாங்கம்மா" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதில்ல டாக்டர்... ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போகணும். வண்டியில எப்படி...?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவை நினைத்து அல்ல. என் வீட்டு அம்மாவை நினைத்து! 2023 டிசம்பரில் அவளும் இதே கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு தவித்தாள். அந்தக் கதையை அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் மகள் இருப்பது கிறைஸ்ட்சர்ச் நகரத்தில். நாங்கள் போய் இறங்கிய இரண்டாவது வாரம், மாப்பிள்ளை ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வாசலில் நிறுத்திவிட்டார். கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா நடிகர்கள் ஷூட்டிங்கில் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் தெரியும். இது குடும்பத்துக்கான கேரவன். ஏழு மீட்டர் நீளம் இருக்கும். உள்ளே கேஸ் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவத் தொட்டி, பகலில் சோபாவாகவும் இரவில் கட்டிலாகவும் மாறுகிற மெத்தைகள். ஓர் ஓரத்தில் அலமாரி அளவுக்கு ஒரு கழிவறை. பேத்தி குதித்தாள். என் மனைவி அந்தக் கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், ஒன்றும் பேசவில்லை.

முதல் நாள் டெக்காபோ ஏரி வரை போனோம். சுமார் 230 கிலோமீட்டர். ஏரித் தண்ணீர் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. மயில் கழுத்து நிறம். பனியாறுகள் பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவந்து சேர்ப்பதால் அந்த நிறமாம். எல்லாரும் வேடிக்கை பார்த்தோம். அவள் மட்டும் முகத்தைச் சுளித்தபடியே இருந்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் பாட்டிலை நீட்டினால் "வேண்டாம்" என்று தள்ளிவிட்டாள்.

விஷயம் ராத்திரிதான் புரிந்தது. அந்தக் கழிவறைக்கு அடியில், சூட்கேஸ் மாதிரி சக்கரம் வைத்த ஒரு பெட்டி இருக்கிறது. இருபது லிட்டருக்குள்தான் கொள்ளும். நிறைந்ததும் வண்டியின் வெளிப்பக்கமாக அதை உருவி, வழியில் ஆங்காங்கே அதற்கென்றே இருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். வண்டி எடுக்கும்போது மாப்பிள்ளை அதையெல்லாம் விளக்கமாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான்!

"மாப்பிள்ளை அதத் தூக்கிட்டுப் போய்க் கொட்டணுமாம்லா! பொண்ணக் குடுத்த எடத்துல இந்தக் கேவலம் வேற வேணுமா? நான் அதுல போகவே மாட்டேன்" என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

அன்று தங்கியது வண்டிகள் நிற்கும் ஒரு கட்டண முகாம். பொதுக் கழிவறை நூறடி தள்ளி இருந்தது. அங்கே போய்க்கொள்கிறேன் என்றாள். நடு இரவில் மழை பிடித்துக்கொண்டது. அங்கே டிசம்பர் கோடைக்காலம்தான், ஆனாலும் ராத்திரிக் குளிர் எலும்பைத் தொடும். குடையும் இல்லை. புரண்டு புரண்டு படுத்து விடியும்வரை அடக்கிக்கொண்டே கிடந்திருக்கிறாள். நானும் ஒழுங்காகத் தூங்கவில்லை. யாராவது குழாயைத் திறந்தால் மோட்டார் கடகடவென்று அடித்தது. கண்ணாடியில் வேர்த்து வடிந்தது. காலையில் அவளுக்கு நீர்க்கடுப்பு, அடிவயிற்றில் வலி. "என்னை கிறைஸ்ட்சர்ச்சுலயே விட்டுருங்க" என்றாள். இதற்குப் பேர்தான் உல்லாசப் பயணமா?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. வேகம் என்றால் வண்டியின் வேகம் அல்ல. உடம்பு தானாக விடுக்கும் உந்துதல்கள். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. இவற்றை அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சைக்கு உருப்போட்டவன் நான். நோயாளிகளுக்கு நாள் தவறாமல் சொல்கிறவனும் நான்தான். என் பக்கத்திலேயே ஒருத்தி பஸ்ஸிலும் ரயிலிலும் கல்யாண மண்டபத்திலும் முப்பது வருடமாக இரண்டு வேகத்தைச் சேர்த்து அடக்கிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. சிறுநீரை அடக்க வேண்டியிருக்குமே என்று தாகத்தையும் அடக்குவது! நம் வீட்டுப் பெண்கள் பாதிப்பேர் வெளியூர்ப் பயணத்தை வெறுப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். "எனக்கு ஊர் சுத்தறது பிடிக்காது" என்று சொல்வார்கள். நாமும் நம்பிவிடுவோம்.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்படுகிறது. அடக்கினால் பையில் தேங்கி, கிருமி பெருக வசதியாகிறது. எரிச்சல், நீர்க்கடுப்பு, நாளாவட்டத்தில் கல். குளிர் நடுக்கம், காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் என்று எது சேர்ந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். நல்லவேளை, அவளுக்கு அதுவரை போகவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பார்லி வாங்கிக் கஞ்சித் தண்ணீராகக் காய்ச்சிக் கொடுத்தேன். சீரகத் தண்ணீர் வேறு. மதியத்துக்குள் எரிச்சல் தணிந்தது.

ஆனால் மருந்து அது இல்லை. காலையில் மாப்பிள்ளை எழுந்திருப்பதற்கு முன்னால் நானே அந்தப் பெட்டியை உருவி, தள்ளிக்கொண்டு போய், கொட்டிக் கழுவி, அதற்கான மருந்துநீரை ஊற்றி மாட்டிவிட்டு வந்தேன். கையுறை போட்டுக்கொண்டால் பத்து நிமிஷ வேலை. மாப்பிள்ளை பதறிப்போய் ஓடி வந்தார். "மாமா, நீங்க ஏன்... நான் பார்த்துக்கறேன்!" என்றார். "மாப்ள, வண்டி ஓட்டுறது உங்க வேலை. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இது என் வேலை. பேச்சே கிடையாது" என்றேன். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தாள்.

இரண்டாம் நாள் ஐம்பது கிலோமீட்டர்தான் போனோம், புகாகி ஏரிக்கரைக்கு. சொந்தக் கழிவறை உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அங்கே இரவு தங்க அனுமதி. நியூசிலாந்தில் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. கட்டணம் இல்லாத இத்தகைய இடங்களில் தங்கும் வண்டிக்குள் கழிவறை நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2023-இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் எங்கேயும் போகவில்லை. அதுதான் சுகமே! காலையில் அவளுக்கு வயிறு சரியானது (மூன்று நாளைக்குப் பிறகு!). ஜன்னலைத் திறந்தால் ஏரிக்கு அப்பால் பனி போர்த்திய அவோராகி மலை, 3,724 மீட்டர். அடுப்பில் ரசம் கொதித்தது. பசித்தபோது சாப்பிட்டோம். தூக்கம் வந்தபோது படுத்தோம். இரவு ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் இறங்கியது. அப்புறம் நடு இரவில் என்னை உலுக்கி எழுப்பினாள். "ஏங்க, எந்திரிங்க! வானத்தப் பாருங்க!" சிறுநீர் கழிக்க எழுந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த வட்டாரத்தில் இரவு வானம் கெடாமல் இருக்க விளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. 2012-இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். உப்பைக் கொட்டினதுபோல் நட்சத்திரம். நடுவில் இரண்டு வெள்ளைத் திட்டுகள். மேகமோ என்று நினைத்தோம். மேகெல்லன் மேகங்கள் என்று மறுநாள் மாப்பிள்ளை சொன்னார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அரைமணி நேரம் வெளியே நின்றோம். ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டவள், மறுநாளிலிருந்து அதற்காகவே எழுந்தாள்!

இந்த மாதிரிப் பயணத்தை இன்பத்துக்காக முதலில் செய்து பிரபலப்படுத்தியவர்களில் ஒருவர் ஒரு மருத்துவர்தான் தெரியுமா? கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். 1885-இல் 'வாண்டரர்' என்று ஒரு வண்டி வீட்டைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். மொத்தம் 1,300 மைல். குதிரை இழுக்கிற வீடு ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போய்விடும்? அதுதான் அதன் நன்மை.

நமக்கும் இது புதிதில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்தவன் நான். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவோம். அரிசி, பருப்பு, விறகு, பாய், ஆட்டுக்கல் தவிர மற்றதெல்லாம் வண்டியில் ஏறும். ஆற்றங்கரையில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவோம். ஆச்சி எதற்கும் அவசரப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். முதல் இரண்டு நாளும் தூரம் குறைவாக இருக்கட்டும். வண்டி ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். கழிவறைக்குப் போகவோ அடுப்பு மூட்டவோ கூடாது. எனவே கூச்சப்படாமல் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் இறங்கி நடந்தால் கால் வீங்காது. குமட்டல் உள்ளவர்கள் பின்பக்கம் உட்காராமல் முன்னால் பாதையைப் பார்த்து உட்காருங்கள். ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. மூடிய வண்டிக்குள் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை ஃப்ரிட்ஜில் உறையாத இடத்தில் வையுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுக்கு, மிளகு, தேன் என்று பெட்டியில் கட்டிக்கொண்டு போய் நியூசிலாந்து விமான நிலையத்தில் சொல்லாமல் இருந்தால் 400 டாலர் அபராதம். எங்களுக்குக் கிறைஸ்ட்சர்ச்சில் இந்தியக் கடையிலேயே எல்லாம் கிடைத்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அந்த அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தேன். இரவில் நான்கு முறை என்பதை வயதின் மேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றாலும் அப்படிப் போகும். சீட்டை வாங்கிக்கொண்டவர் மறுபடி தயங்கினார்.

"எல்லாம் சரி டாக்டர்... ஆனா எங்க வண்டியில அந்தப் பெட்டிய யாரு கொட்டுவா?"

"வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்காரே, அவரைக் கொஞ்சம் உள்ளே வரச் சொல்லுங்கம்மா" என்றேன்.