செம்பு அன்று செய்ததும் இன்று செய்வதும்

சொக்கத் தங்கத்தில் செய்த வளையல் வடிவம் காக்காது. ஒரு கிராமை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அகலத்துக்குத் தட்டிவிடலாம், அவ்வளவு இளக்கம். அதை உறுதியாக்க ஆசாரி செம்பு சேர்த்தார். 22 காரட்டில் எடைக்கு 8.3 சதவீதம்தான். ஆனால் செம்பின் அணு லேசானது. எனவே கலந்தது முழுக்கச் செம்பானால், நூறு அணுக்களில் 22 அதுவாகவே இருக்கும். பருத்த தங்க அணுக்களின் அடுக்கில் சிறிய அணு புகும்போது அடுக்கு நெளிகிறது. ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது தடைபடுகிறது. வலிமை வருவது அப்படித்தான். இந்த விளக்கம் பிறக்கும் முன்பே, தட்டி இறுகியதை நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி தட்டும் பதம் பட்டறையில் இருந்தது.

அன்றைய கலவையில் தங்கமே தலைமை, மற்றவை துணை. 2004-இல் தைவானில் யே ஜியென்-வெய் குழுவும் இங்கிலாந்தில் பிரையன் கேன்டர் குழுவும் தலைமை உலோகமே இல்லாத, பலவற்றைச் சமமாகக் கலந்த உயர் என்ட்ரோபி உலோகக்கலவைகளை முன்வைத்தன. பிறகு விலையுயர்ந்த உலோகங்களின் முறை வந்தது. தங்கம், பிளாட்டினம், பல்லேடியம், நிக்கல், செம்பு ஆகிய ஐந்தும் சம அளவில் ஒரே படிக அமைப்பாக நிற்பதை 2017-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினர். தங்கமும் நிக்கலும் மட்டும் இருந்தால், சூடு தணியத் தணியப் பிரியப் பார்க்கும் இணை அது.

2020-இல் வந்த முடிவுதான் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைத்தது. மற்ற நான்கையும் தமக்குள் சமமாக வைத்து, செம்பை மட்டும் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு கலவையையும் இயந்திரத்தில் அழுத்திப் பார்த்தார்கள். செம்பு கூடக் கூட, நிலையாக நசுங்கத் தொடங்குவதற்குத் தேவையான அழுத்தம் சீராகக் குறைந்தது. தங்கத்துக்கு உறுதி தந்த அதே செம்பு இங்கே உறுதியைக் கரைத்தது. அணு அளவுகளின் வேறுபாட்டிலிருந்து வலிமையைக் கணிக்கும் கோட்பாடும் இதற்கு ஒத்துவரவில்லை.

கைப்பதம் தராத அளவுகள் இன்று கிடைத்திருக்கின்றன. போனது பொன்னின் மஞ்சள். பல்லேடியமும் நிக்கலும் அதை வெளுத்துவிடும். ஐந்தும் சமமான கலவையில் தங்கம் எடைக்கு 32 சதவீதம், எட்டு காரட்டுக்கும் கீழே. நிக்கல் பலருக்குத் தோல் ஒவ்வாமையும் தரும். கழுத்துக்கும் காதுக்கும் பழைய 22 காரட்டே தகும்.