தாய்க்கு லேசான காய்ச்சல், கருவுக்குப் பெரும் ஆபத்து

2021 ஜூன் கடைசியில் தமிழக எல்லையை ஒட்டிய கேரளப் பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்பில் சிவப்புத் தடிப்பு. மாதிரி புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. ஜூலை 8 அன்று, கேரளத்தின் முதல் ஜிகா தொற்று அது என்று அறிவிக்கப்பட்டது. அதற்குள் அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடியில் தமிழகம் கண்காணிப்பை இறுக்கியது.

ஜிகாவின் கொடுமையே அதன் சாதுத்தனம்தான். தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது. இருந்தாலும் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்தால் கருவின் மூளையை உருவாக்கும் இளம் செல்களைத் தாக்குகிறது. தலை சிறுத்துப் போகலாம். பார்வை, செவித்திறன், கைகால் அசைவு கெடலாம். முதல் மூன்று மாதங்களில் ஆபத்து அதிகம். கர்ப்ப காலத்தில் தொற்றிய தாய்மாரின் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதத்தினருக்குப் பாதிப்பு காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரேசிலில் தலை சிறுத்த குழந்தைகள் கூடியதால்தான் 2016 பிப்ரவரியில் அது சர்வதேச அவசரநிலையை அறிவித்தது.

தடுப்பூசி இல்லை. பரப்புவது டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு, பகலில் கடிக்கும். ரப்பர் தோட்டங்கள் நிறைந்த இந்த எல்லைப் பகுதியில் மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றதும் மரத்திலேயே விடப்படும் சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும். கொசு முட்டையிட அது போதும். சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது மருந்துப் புகை அடிப்பதைவிடப் பயனுள்ள வேலை என்பேன். தாம்பத்திய உறவு வழியாகவும் ஜிகா தொற்றும் என்பதைக் கணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

தடிப்போடு காய்ச்சல் வந்த கர்ப்பிணி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் வைரஸ் பொதுவாகச் சுமார் ஒரு வாரம்தான் தென்படும். சிறுநீரில் இன்னும் சில நாள். பிறகு செய்யும் எதிர்ப்பொருள் சோதனை டெங்குவோடு குழம்பிவிடும். டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், இபுபுரூபன் கூடாது.

எனக்குப் பெரிய கவலை எல்லைதான். கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் மணமான பெண் பிரசவத்துக்குத் தமிழகத்தின் மார்த்தாண்டம் பக்கம் தாய்வீடு வருவாள். அங்கே அவளை விசாரித்த ஆஷா பணியாளர் ஒருவர். இங்கே கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் கேட்கும் கிராம சுகாதாரச் செவிலியர் வேறொருவர். நடுவில் வந்துபோன காய்ச்சலை யாரும் எழுதிவைக்காமல் போகலாம். இரு மாநில சுகாதாரத் துறைகளும் இந்தத் தகவலைப் பரிமாறிக்கொள்ள ஏற்பாடு வேண்டும். அதுவரை மருத்துவச் சீட்டுகளைக் குடும்பமே பத்திரப்படுத்தட்டும். தொற்றிய தாயும் தாய்ப்பால் கொடுக்கலாம். பிறந்தபோது தலையளவு சரியாக இருந்த குழந்தைக்கும் பாதிப்பு பின்னால் வெளிப்படலாம் என்பதால், தாய் கணவன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் தலையளவு, கண், காது பரிசோதனைகள் தொடர வேண்டும்.