சன்னலோரக் காடு – 14: பூக்காத கொடி

மண்கலவை பற்றிப் போன இதழில் எழுதியதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது, அதுதான் சாரம். இந்த வாரம் பாம்புச் செடியை இலையிலிருந்து பெருக்கும் விதத்தை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் கொடி வகைகளை ஒரு பத்தியில் முடித்துவிடலாம் என்று மணி பிளான்ட்டை எடுத்தேன். அது விடவில்லை. வாரம் முழுக்க அதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டு மணி பிளான்ட் பூத்ததுண்டா? பால்கனிக் கம்பியில் தொங்குவது, கூடத்து மூலையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிற்பது, சுற்றுச்சுவரோரம் மாமரத்தில் ஏறிக் கிடப்பது, எதுவானாலும் சரி. தளிரைப் பார்த்திருப்பீர்கள், பழுத்து உதிரும் இலையைப் பார்த்திருப்பீர்கள். பூவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உரமோ வெயிலோ போதாததால் வந்த குறை என்று நினைத்துவிட வேண்டாம். பூப்பதற்கு வேண்டிய ஒன்று அந்தச் செடியின் உடம்பிலேயே ஊறுவதில்லை.

பசிபிக் பெருங்கடலில் தாகித்திக்குப் பக்கத்தில் மோரேயா என்றொரு தீவு இருக்கிறது. இந்தக் கொடியின் பூர்விகம் அதுதான் என்பது இன்று தாவரவியலாளர்களின் முடிவு. ஐரோப்பாவுக்கு இது சாலமன் தீவுகளிலிருந்து போய்ச் சேர்ந்தது. 1880இல் பெல்ஜியத்தில் லின்டனும் ஆந்த்ரேயும் இதை முதன்முதலாக விவரித்து, போத்தோஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார்கள். செடிகளுக்குள் யாருக்கு யார் உறவு என்பதைப் பூவை வைத்துத்தான் பார்ப்பது வழக்கம். இதில் பூவே இல்லையே! 1908இல் எங்லர் என்ற தாவரவியலாளர் வேறொரு பேரினத்துக்கு மாற்றினார். பிறகு 1962இல், மிக அபூர்வமாக, ஒரு கொடி பூத்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக வகைப்படுத்தியவர்களுக்கு எட்டாமல் இருந்த பூ. அதைப் பார்த்ததும் பழைய முடிவுகள் கலைந்தன. இன்னொரு பேரினத்துக்குப் போய், 1964இல் பண்டிங் என்ற தாவரவியலாளர் கையால் எபிப்ரெம்னம் பேரினத்தில் வந்து சேர்ந்தது. அதன் பிறகும் நெருங்கிய உறவுச் செடி ஒன்றோடு இதைச் சேர்த்தார்கள், பிரித்தார்கள். நர்சரிகளில் இன்றுவரை ‘போத்தோஸ்’ என்று சொல்வது அந்த 1880ஆம் ஆண்டுக் கணக்கின் மிச்சம்.

ஏன் பூப்பதில்லை என்பதற்கு 2016இல்தான் விடை கிடைத்தது. பூ உண்டாக்கும் மரபணுக்கள் இந்தக் கொடியில் இருக்கின்றன. அவற்றைத் தட்டி எழுப்ப வேண்டிய ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கிதான் இல்லை. அதைத் தயாரிக்கும் பாதையின் கடைசிப் படியில் வேலை செய்ய வேண்டிய ஒரு மரபணு முடங்கிக் கிடக்கிறது. விதையில்லாத் திராட்சை பயிரிடுவோர் பழம் பருப்பதற்காகத் தெளிப்பார்களே, அதே ஜிப்ரலிக் அமிலத்தை ஆய்வாளர்கள் இந்தக் கொடிமேல் தெளித்தார்கள். பூத்துவிட்டது. சேம்பின் பூவைப் போலவே வெளியே ஒரு மடல், உள்ளே ஒரு தண்டு.

இதைப் படித்த பிறகு எங்கள் சன்னலில் இருக்கும் கொடியைப் பழையபடி பார்க்க முடியவில்லை. பூ இல்லையென்றால் விதை இல்லை. விதை இல்லையென்றால், தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் ஒவ்வொரு மணி பிளான்ட்டும் யாரோ ஒருவர் கையால் ஒடிக்கப்பட்டு, இன்னொருவர் வீட்டில் நட்டு வளர்ந்தது. எந்தக் கொடியிலிருந்து ஒடித்தார்களோ அதுவும் அப்படி வந்ததுதான். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் கப்பலில் வந்த ஏதோ ஒரு துண்டில் போய் நிற்கும். முளைத்த செடி என்று எதுவும் இல்லை, எல்லாம் வெட்டிய செடி. வெள்ளை தெளித்த மார்பிள் குயீன், எலுமிச்சைப் பச்சை நியான் போன்ற ரகங்களும் இந்த வழியில் வந்தவைதான். எங்கோ ஒரு கொடியில் ஒரே ஒரு தளிர் மட்டும் தற்செயலாக நிறம் மாறி வரும். கவனித்த தோட்டக்காரர் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தனியே நடுவார். கவனிக்க ஆள் இல்லாவிட்டால் அந்த நிறம் அந்தக் கொடியோடு போகும்.

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்தபோது மாடிவீட்டுப் பெண்ணிடம் என் அம்மா ஒரு துண்டு கேட்டாள். அவர் பதறிப்போய், “கேட்டு வாங்கினா தங்காதுக்கா. நான் உள்ளே போய் அடுப்புல பாலைப் பாக்கறேன். நீங்க கிள்ளிக்கிட்டு, கதவைச் சாத்திட்டுப் போங்க” என்றார். அம்மாவும் அப்படியே செய்தாள். கொடுக்கவும் வேண்டும், கொடுத்ததாகவும் இருக்கக் கூடாது. இவ்வளவு அழகாக ஒரு செடியைக் கைமாற்றி நான் பார்த்ததில்லை. இந்த நம்பிக்கையை மூடத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. விதையில்லாத கொடிக்குப் பறவையும் காற்றும் செய்ய முடியாத வேலையை அந்தக் கை செய்கிறது.

அந்தக் கை கவனமில்லாமல் வீசினால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்டியில் உடவத்தகெலே என்ற பழைய காடு இருக்கிறது. அங்கே இந்தக் கொடி தரையையும் மரங்களையும் சேர்த்து மூடி, உள்ளூர்ச் செடிகள் முளைக்க இடம் விடாமல் செய்துவிட்டது. ஒரு பூ இல்லாமல், ஒரு விதை இல்லாமல், ஒடிந்த துண்டுகளை வைத்தே இவ்வளவும். வெட்டிய கொடியை ஏரிக்கரையிலோ மலைப்பாதையிலோ கொட்டாதீர்கள். நன்றாகக் காய வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.

இனி வெட்டும் விதம். கரும்பு விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவர்கள் நடுவதற்குக் கரணை வெட்டும்போது, தளிர் கிளம்பும் பருவைப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். ஒரு பருக் கரணை, இரு பருக் கரணை என்று எண்ணுவதே பருவை வைத்துத்தான். வெற்றிலைக் கொடிக்காலில் விதைக்கொடி எடுப்பவர்களும் கணுவைத்தான் பார்ப்பார்கள். மணி பிளான்ட்டும் அதே கணக்கு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம்தான் கணு. அதையொட்டிப் பழுப்பாக ஒரு சின்ன முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். அது வேர். காத்துக்கொண்டிருக்கும் வேர். காம்பின் இடுக்கில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாமல் பரு இருக்கும். கணுவுக்குக் கீழே ஓர் அங்குலத் தண்டு விட்டு வெட்டுங்கள். வெறும் இலையைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் வைத்தால் மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும், வேர்கூட விடலாம். தளிர் வராது. பரு தண்டில் அல்லவா இருக்கிறது!

நர்சரியில் பார்க்கும் அடர்த்தியான தொட்டியின் ரகசியமும் இதுதான். ஒரே செடி கிளைத்துத் தொட்டியை நிறைப்பதில்லை. நீளக் கொடியைக் கணுவுக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒவ்வொரு இலைக்கும் ஒரு கணு என்று ஒரே தொட்டியில் நெருக்கமாக நட்டிருப்பார்கள். உங்கள் தொட்டியில் மேலே மொட்டையாகவும் கீழே வால் போலவும் கொடி தொங்குகிறதென்றால், வாலை வெட்டி அதே தொட்டியில் நடுங்கள். வெட்டிய இடத்துக்குப் பின்னால் இருக்கும் பருவும் விழித்துக்கொள்ளும். நுனி இருக்கும்வரை அது மற்றப் பருக்களை உறங்க வைத்திருக்கும்.

கரும்பு என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரும்பையும் நாம் கரணையால்தான் பெருக்குகிறோம், ஆனால் அது பூக்கும். கோயம்புத்தூரில் நன்றாகவே பூக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை அங்கே தொடங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பார்பர் என்ற ஆய்வாளரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் அங்கே ‘வெள்ளை’ என்ற கரும்பை, தானாக வளரும் காட்டுக் கரும்போடு சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918இல் வயலுக்குப் போனது. வட இந்தியச் சமவெளியின் கரும்பு விளைச்சல் அதன் பிறகு வேறாகிவிட்டது. ஒரு பூ இருந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு வீட்டுக் கொடியைப் பூக்க வைக்க ஆய்வுக்கூடத்தில் ஜிப்ரலின் தெளிக்கிறவர்களை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. பூ வந்தால் ஒட்டு சேர்க்கலாம். ஒட்டு சேர்ந்தால், இதுவரை யாரும் பார்க்காத இலை வரும்.

வெட்டிய துண்டைத் தண்ணீரில் வைப்பதா, மண்ணில் வைப்பதா? தண்ணீரில் வேர் வருவதைக் கண்ணால் பார்க்கலாம், ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். நான் மண்ணையே சொல்வேன். தண்ணீரில் விட்ட வேர் தண்ணீருக்குப் பழகியது, மண்ணுக்கு மாற்றியதும் கொஞ்ச நாள் திணறும். தண்ணீரில் வைத்தேதான் தொடங்குவேன் என்றால், வேர் இரண்டு அங்குலம் தாண்டுவதற்குள் மாற்றிவிட்டு, முதல் இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் நேராக நடுவதானால் ஒரு கணு மண்ணுக்குள் போக வேண்டும், ஓர் இலை வெளியே நிற்க வேண்டும். ஆடி முதல் புரட்டாசி வரை வைத்தால் சீக்கிரம் பிடிக்கும். மார்கழிக் குளிரில் வைத்ததை அவசரப்பட்டுப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

பாட்டிலிலேயே வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் பெரும்பாலும் முட்டையிடும். மணி பிளான்ட் பாட்டில் அதற்குத் தோதான இடம். முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை, தவறாமல், பாட்டிலின் உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். வேரையும் குழாயடியில் அலசுங்கள். இதைச் செய்ய நேரமில்லாத வீட்டில் கொடி மண்ணில் இருப்பதே நல்லது.

வீட்டில் உள்ளங்கை அளவு இலை விடும் இந்தக் கொடிதான், மாமரத்தில் ஏறி முறம் அளவு இலை விட்டு, ஓரத்தில் கிழிந்து நிற்பதும். வேறு செடி என்று நினைப்பவர்கள் பலர். மேலே ஏறினால் இலை பெருக்கும், கீழே தொங்கினால் சிறுக்கும். வீட்டிலேயே பெரிய இலை வேண்டுமானால் தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றைத் தொட்டியில் நட்டு, அதை ஈரமாக வைத்திருங்கள். கணு வேர்கள் அதைப் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு வரும் ஒவ்வோர் இலையும் முந்தியதைவிடப் பெரிதாக வருவதைப் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம்.

குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். சேனையும் சேம்பும் இதற்குச் சொந்தம், மூன்றும் ஒரே குடும்பம். சேனை நறுக்கும்போது கை அரிப்பதும் நாக்கில் பட்டால் நமைப்பதும் அதிலிருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால்தான். அதே ஊசிகள் இந்த இலையிலும் இருக்கின்றன. மென்றால் வாய் எரியும், வீங்கும். சேனையைப் புளி விட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறோம், இதை எதுவும் செய்ய வேண்டாம். கொடி வெட்டி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள்.

பாம்புச் செடிக்கு இடமில்லாமல் போய்விட்டது. அடுத்த வாரம் அது மட்டும்தான். அது மணி பிளான்ட்டுக்கு நேர் எதிர், கணுவே இல்லாத வெறும் இலைத் துண்டிலிருந்து முழுச் செடி எழுந்து வரும். மஞ்சள் விளிம்புள்ள ரகத்தின் இலையை வெட்டி நட்டால், வரும் குட்டியில் அந்த மஞ்சள் இருக்காது, முழுப் பச்சையாக வரும். காரணத்தை அடுத்த வாரம் விரிவாகச் சொல்கிறேன். அதற்குள் ஒரு முற்றிய இலையை மூன்று நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் போட்டு வையுங்கள். வெட்டும்போதே ஒவ்வொரு துண்டிலும் எது அடி, எது நுனி என்று பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தலைகீழாக நட்ட துண்டு வேர் விடாது.