கீழே படகு, மேலே வீடு

கிரேக்கத் தீவில் ஒரு மீனவர் குப்பம்

படகுக்குக் கீழ்த்தளத்தை விட்டுக் கொடுத்துவிட்டு, மனிதர்கள் மாடியில் குடியிருந்த ஊர் ஒன்று உண்டு. கிரீஸ் நாட்டின் மீலோஸ் தீவிலுள்ள கிளிமா என்ற மீனவர் குப்பம்தான் அது.

ஏதென்ஸ் நகரையடுத்த பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுக் கப்பலில் சுமார் 3 மணி நேரப் பயணம். மீலோஸ், எரிமலை உருவாக்கிய தீவு. குதிரை லாடம் போல் வளைந்த கரை. நடுவே குளம் போல் ஒரு பெரிய விரிகுடா. அதன் ஓரத்தில், குன்றின் அடிவாரத்தில், தண்ணீரை ஒட்டி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வாசற்படிக்கும் கடலுக்கும் இடையே குறுகலான தளவரிசை ஒன்றுதான், அதுவே தெரு.

வர்ணக் கதவுகள்

இவ்வீடுகளுக்கு 'சிர்மாதா' என்று பெயர். இழுப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குளிர்காலக் காற்று சீறத் தொடங்கியதும் மீனவர்கள் படகைக் கடலிலிருந்து நேரே கீழ்த்தளத்துக்குள் இழுத்து ஏற்றிக் கதவைச் சாத்துவார்கள். நம்மூர்த் தேர்க்கொட்டகைதான் நினைவுக்கு வரும். புயல் நாளில் அலையே வந்து கதவைத் தட்டும்.

கதவுகளும் சன்னல்களும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று பளிச்சிடுகின்றன. கடலிலிருந்து திரும்புகிறவர் தூரத்திலேயே தம் வீட்டை அடையாளம் காணத்தான் இந்த வர்ணம் என்பார்கள். மாலையில் சூரியன் விரிகுடாவுக்கு அப்பால் இறங்கும்போது அத்தனை வர்ணமும் தண்ணீரில் கலந்து ஆடும். அதைப் பார்க்கவே பயணிகள் குன்றிலிருந்து இறங்கி வருகிறார்கள்.

போனவர்கள்

குன்றின் மேல் ரோமானியர் காலத்துச் சலவைக்கல் அரங்கம் ஒன்று இருக்கிறது. அதன் அருகே 1820-ல் ஒரு விவசாயி நிலத்தைத் தோண்டியபோது கிடைத்ததுதான், கைகளிழந்த 'வீனஸ்' சிலை. இன்று அது பாரிஸ் நகரின் லூவர் காட்சிசாலையில் நிற்கிறது. மீலோஸ் காட்சிசாலையில் இருப்பது பிளாஸ்டர் பிரதி மட்டுமே.

சிலையைப் போலவே மனிதர்களும் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரேக்கத் தீவுகளிலிருந்து பலர் பிழைப்புக்காக ஏதென்ஸுக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டார்கள். கரையில் முதியவர்களும் படகுகளும் மிஞ்சினர்.

படகுக்கு விலை

அடுத்த முறை படகுகளுக்கு வந்தது. மத்தியதரைக் கடலில் மீன் வளம் குறைவதைக் கண்ட ஐரோப்பிய யூனியன், படகுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முனைந்தது. 1990-களிலிருந்து, உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த மீனவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் பெரும்பாலும் படகை உடைத்தாக வேண்டும். கையால் இழைத்துக் கட்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரப் படகுகள் கிரீஸில் இப்படி நொறுக்கப்பட்டன. வயதான மீனவருக்கு அந்தப் பணம் ஆறுதல்தான். ஆனால் படகு கட்டும் தச்சருக்கு வேலை போயிற்று. தொழிலைக் கற்க வரும் இளைஞரும் அரிதாயினர்.

கிளிமாவில் இன்று பல சிர்மாதாக்கள் கோடைக்கால வாடகை விடுதிகள். படகு நின்ற இடத்தில் மெத்தையும் விளக்கும். வாடகை வருகிறது, வீடும் இடியாமல் நிற்கிறது. குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15, கிரீஸில் மேரி மாதா திருநாள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் மூட்டை முடிச்சுடன் சொந்த ஊருக்குக் கப்பலேறும் நாட்கள் அவை. லீவு கிடைத்து ரயிலேறிய யாருக்கும் அந்தக் கூட்டத்தின் முகங்கள் புதிதல்ல. வீட்டின் வர்ணம் அப்படியே இருக்கும். கீழ்க்கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது படகா, கட்டிலா என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும்.