எத்தனை, எவ்வளவு: ஆங்கில வகுப்பறைக்கு ஒரு திறவுகோல்

நமது நாட்டுப் பாடசாலைகளில் தரம் 3 முதல் ஆங்கிலம் முறைப்படி கற்பிக்கப்படுகின்றது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக அரசியலமைப்பில் இடம்பெறச் செய்தது. ஆயினும், வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் காதில் விழுவதே அரிதான கிண்ணியா போன்ற பிரதேசங்களின் பிள்ளைகளுக்கு அது இன்னமும் அச்சமூட்டும் பாடமாகவே இருந்து வருகின்றது. அந்த அச்சம் முளைவிடும் இடங்களுள் ஒன்று, எண்ணத்தக்க பெயர்ச்சொற்கள், எண்ண முடியாத பெயர்ச்சொற்கள் என்னும் பாடமாகும்.

பெரும்பாலும் இப்பாடம் இரு பட்டியல்களாகக் கரும்பலகையில் எழுதப்பட்டு மனனம் செய்விக்கப்படுகின்றது. பட்டியலில் இல்லாத சொல் பரீட்சையில் வரும்போது பிள்ளை திகைத்துப் போகின்றது. உண்மையில், இந்த வேறுபாடு நமது பிள்ளைகளுக்குப் புதியதன்று. மீன் விற்பவரிடம் 'எத்தனை மீன்?' என்று கேட்கும் பிள்ளை, தயிர் விற்பவரிடம் 'எவ்வளவு தயிர்?' என்றே கேட்கின்றது. 'எத்தனை தயிர்?' என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. இந்த 'எத்தனை'தான் ஆங்கிலத்தின் 'ஹவ் மெனி'. 'எவ்வளவு'தான் 'ஹவ் மச்'.

தயிரைச் சட்டியிலும் நெல்லை மூடையிலும் இட்டவுடன், 'எத்தனை சட்டி தயிர்', 'எத்தனை மூடை நெல்' என்று நாம் எண்ணத் தொடங்குகின்றோம். ஆங்கிலமும் அவ்வாறே போத்தலையும் மூடையையும் எண்ணுகின்றதேயன்றிப் பாலையும் அரிசியையும் எண்ணுவதில்லை. 'காசை எண்ணலாமே, மணி என்பது ஏன் எண்ண முடியாதது?' என்று பிள்ளை கேட்டால், அதற்கும் தமிழிலேயே விடையுண்டு: 'எத்தனை ரூபா', ஆனால் 'எவ்வளவு பணம்'. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நன்னூல் வகுத்த நால்வகை அளவைகளைத் தமிழ்ப் பாடத்தில் கற்பிக்கும் நாம், ஆங்கிலப் பாடத்தில் அவற்றை நினைவூட்டத் தவறிவிடுகின்றோம்.

எனினும், இரு மொழிகளும் பிரிந்து செல்லும் இடங்களும் உள்ளன. ஆசிரியரின் கவனம் அதிகம் தேவைப்படுவது அங்கேதான். 'பத்துத் தேங்காய்' என்பது தமிழில் பிழையன்று. 'கள்' விகுதி கட்டாயமில்லை. ஆங்கிலத்திலோ பன்மைக்குரிய 'எஸ்' விடுபடலாகாது. கடையில் நாம் 'இரண்டு பாண்', 'இரண்டு சவர்க்காரம்' என்று கேட்கின்றோம். ஆங்கிலமோ பிரெட், சோப் ஆகியவற்றையும், வகுப்பறையிலுள்ள சோக்கையும்கூட எண்ணாது, அவற்றின் துண்டுகளையும் கட்டிகளையுமே எண்ணுகின்றது. பாணை இரண்டாக வெட்டினாலும் இரு பாதிகளும் பாணே. கதிரையை வெட்டினால் அது கதிரையாகாது என்று விளக்கினால் சிறு பிள்ளைக்கும் ஓரளவு புரியும்.

தகவல்கள், ஆலோசனைகள், தளபாடங்கள் என்று தமிழில் பன்மையாக வழங்குபவை ஆங்கிலத்தில் 'எஸ்' ஏற்பதில்லை. 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என எழுதும் பிள்ளை சிந்திக்கத் தெரியாத பிள்ளையன்று. தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்துக்குப் பொருத்திப் பார்த்த பிள்ளையாகும். எண்ணத்தக்கதா, இல்லையா என்பதை எப்போதும் பொருளின் இயல்பு தீர்மானிப்பதில்லை. அந்தந்த மொழியின் வழக்கே தீர்மானிக்கின்றது. இதை எடுத்துரைக்காமல் சிவப்பு மையால் கோடிடுவது பிள்ளையின் தன்னம்பிக்கையையே குலைத்துவிடும். அவ்வாறு குலைந்த நம்பிக்கை, பின்னர் சாதாரண தரப் பரீட்சை வரையிலும் அப்பிள்ளையைப் பின்தொடர்கின்றது.

2009 ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலை நகருக்குச் செல்வதற்கு இப்பகுதி மக்கள் கடற்பாதையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பாலம் அமைக்க இரு கரைகளிலும் உறுதியான நிலம் வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தை நோக்கிய பாலத்துக்குப் பிள்ளையின் தாய்மொழியே இக்கரையாகும். பட்டியல்களை மனனம் செய்விப்பதை விடுத்து, வீட்டுச் சமையலறையிலிருந்தும் சந்தையிலிருந்தும் இப்பாடத்தைத் தொடங்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றோரும், 'எத்தனையா, எவ்வளவா?' என்று கேட்டுத் தமது பிள்ளைகளுக்கு உதவலாம் என்பதை மறந்துவிடலாகாது.